மெஷின் ஓடினால் சிங்க் ஏன் கத்துகிறது?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீடு. போன வருஷம் மாடியில் வாஷிங் மெஷின் வைத்தோம். கீழே அடுக்களை சிங்க் தண்ணீர் இறங்கும் அதே சுவர்ப் பைப்பில் அதன் கழிவுநீரையும் சேர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து மெஷின் தண்ணீர் விடும்போதெல்லாம் சிங்க் 'களக் களக்' என்கிறது, பின்னாலேயே சாக்கடை நாற்றம். பிளம்பர் இன்னொரு டிராப் (சிங்க்குக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுப் பைப்) போடலாம் என்கிறார். கனடாவில் எட்மன்டனில் இருக்கும் மகனோ, கூரைக்கு மேலே 3 இஞ்ச் வென்ட் பைப் (காற்று போய்வரும் குழாய்) வேண்டும் என்கிறான். யார் பேச்சைக் கேட்க?

பதில்: மகன் பக்கம் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது, அண்ணாச்சி. இன்னொரு டிராப் மட்டும் வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் முக்கி முக்கித்தான் ஊற்றும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை குத்தினால் சத்தமில்லாமல் இறங்கும். உங்கள் பைப்பும் அந்த டின்தான். மாடியிலிருந்து தண்ணீர் மொத்தமாக விழும்போது அதன் பின்னால் காற்று வர வேண்டும். மேலே வழி இல்லாவிட்டால் சிங்க் டிராப் வழியாக இழுத்துக்கொள்ளும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். டிராப்பில் நிற்கும் இரண்டு இஞ்ச் தண்ணீர்தான் சாக்கடைக்கும் அடுக்களைக்கும் நடுவே உள்ள ஒரே கதவு. அது உறிஞ்சப்பட்டுவிட்டால் நாற்றத்துக்குத் தடை ஏது? இரண்டாவது டிராப் போட்டாலோ, இரண்டுக்கும் நடுவே காற்று சிக்கி, சிங்க் தண்ணீரே இறங்க மல்லுக்கட்டும்.

முதலில் மொட்டைமாடிக்குப் போய் அந்தப் பைப்பின் தலையைப் பாருங்கள். காக்கா கூடு கட்டும், மழைத்தண்ணீர் இறங்கும் என்று எண்ட் கேப் போட்டு அடைத்திருப்பது நம்ம பக்கம் சகஜம். அப்படியானால் கேப்பைக் கழற்றிவிட்டு வலை வைத்த தொப்பி மாட்டுங்கள், செலவு அவ்வளவுதான். பைப் மெஷின் மட்டத்திலேயே நின்றுவிட்டால், அதே அளவில் மேலே நீட்டச் சொல்லுங்கள். வற்றல் காயப்போடுகிற, ராத்திரி படுக்கிற மாடி என்றால் மாடித் தரையிலிருந்து 7 அடியாவது உயரட்டும். ஆடிக் காற்றில் ஆடாதபடி கிளாம்பும் வேண்டும்.

அடுத்து, டிராப்பிலிருந்து சுவர்ப் பைப் வரை டேப் பிடியுங்கள். ஒன்றரை இஞ்ச் பைப்புக்கு அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம். 6 அடியில் மொத்த இறக்கம் ஒன்றரை இஞ்ச், அதாவது பைப்பின் அகலம் முழுவதும். அதைத் தாண்டினால் சுவர்ப் பைப்பிலிருந்து காற்று நுழையும் வாய் டிராப்பின் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். சிங்க் தன் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். 'தண்ணீர் வேகமாகப் போகட்டும்' என்று வாட்டத்தைக் கூட்டுவதும் அதே வினைதான். தூரம் 6 அடிக்கு மேலே என்றால் சிங்க்குக்குப் பக்கத்தில் தனியாக ஒன்றரை இஞ்ச் வென்ட் ஏற்றுங்கள்.

மகன் சொல்லும் 3 இஞ்ச் கணக்கு பனி ஊருக்கானது. சாக்கடையிலிருந்து ஏறும் ஈரக் காற்று வெதுவெதுப்பானது. வெளியே மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே போனால், அந்த ஈரம் பைப்பின் உட்சுவரில் உறைந்து, நாளுக்கு நாள் தடித்து, சின்ன பைப்பை முழுக்க அடைத்துவிடும். அங்கே கூரைக்கு ஓரடி கீழே, வீட்டின் கதகதப்புக்குள்ளேயே பைப்பை 3 இஞ்ச் ஆக்கிவிடுவது அதனால்தான். வெளிச்சுவர் ஓரம் டிராப் வைக்கவும் யோசிப்பார்கள், தண்ணீர் உறைந்து பைப்பே வெடிக்கும். நெல்லையில் அந்தப் பயம் இல்லை. ஆனால் உங்கள் சுவர்ப் பைப் 75 மில்லிமீட்டர் என்றால் அதுவே 3 இஞ்ச்தான். அதை அப்படியே நீட்டினால் மகனும் சமாதானமாகிவிடுவார்.

நமக்கு இங்கே வெயில்தான் வில்லன். அக்னி நட்சத்திரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு மகனைப் பார்க்கக் கிளம்பினால் டிராப் தண்ணீர் வற்றிவிடும். போகும் அன்று சிங்க்கில் ஒரு செம்பு தண்ணீர் விட்டு, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் மேலே மிதந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.