ஏழு பெயர், ஒரே பிழை

கேள்வி: ஆளுங்கட்சியை ஆதரித்து இணையத்தில் எழுதுபவர்களைக் 'கூலிக்கு மாரடிப்பவர்கள்' என்று சென்ற இதழ் தலையங்கம் இழிவுபடுத்தியது. தனக்குப் பிடித்த கட்சியை ஆதரித்து எழுதக் குடிமகனுக்கு உரிமை இல்லையா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: தாராளமாக இருக்கிறது. ஆனால் இதே கேள்வி எங்களுக்கு ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஏழு பெயர், ஏழு மின்னஞ்சல் முகவரி. ஏழிலும் 'குடிமகனுக்கு' என்ற சொல்லில் ககரம் விழுந்து 'குடிமனுக்கு' என்றிருக்கிறது. மேலே அச்சாகியிருப்பது நாங்கள் திருத்தியது.

கரைவேட்டி கட்டிக்கொண்டு மேடையேறுபவரை யார் குறை சொன்னார்கள்? கரையை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டு, 'நான் எந்தக் கட்சியும் இல்லை, போன தடவை எதிர்க்கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன், இருந்தாலும் மனசாட்சியோடு சொல்கிறேன்...' என்று ஆரம்பிக்கிறாரே, அவரைப் பற்றித்தான் எழுதினேன். அவர் சொல்லும் கருத்து சரியாகவே இருக்கலாம். தலைக்கணக்குதான் பொய். ஒருவர் ஐம்பது பேராக வந்து நின்றால், எதிரே உண்மையிலேயே தனியாக நிற்பவர் 'ஊரே அந்தப் பக்கம் இருக்கிறது போலிருக்கிறது' என்று வாயை மூடிக்கொள்வார்.

ஆளுங்கட்சி இதைச் செய்யும்போது என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியாவைப் பாருங்கள். 2012 டிசம்பர், அதிபர் தேர்தலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. உளவுத்துறைப் பெண் ஊழியர் ஒருவர் சியோலில் தன் குடியிருப்பில் இருந்தபடியே எதிர்க்கட்சி வேட்பாளருக்கு எதிராக எழுதுகிறார் என்று துப்புக் கிடைத்து, எதிர்க்கட்சியினர் அவர் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, இரவு நேரத்தில், தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்று போலீஸ் அவசரமாக அறிவித்தது. ஆளுங்கட்சியின் பார்க் கியூன்-ஹே ஜெயித்தார். 30 குழுக்கள் வரை அமைத்து, வெளியாட்களுக்கு அரசுப் பணம் கொடுத்து எழுதவைத்தது 2017-இல் உளவுத்துறையின் சொந்த விசாரணையிலேயே வெளிவந்தது. அதன் முன்னாள் தலைவர் வோன் செய்-ஹூனுக்கு விதித்த நான்கு ஆண்டுச் சிறையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. யாரைத் திட்டினார்களோ, அவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் வரிப்பணமும் அந்தக் கூலியில் இருந்தது.

'எதிர்க்கட்சி மட்டும் யோக்கியமா?' என்று அடுத்த மாதம் ஏழு கடிதம் வரும். அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அன்று வாசலில் உட்கார்ந்த கட்சி 2017-இல் ஆட்சியைப் பிடித்தது. அரசைத் திட்டும் பின்னூட்டங்களுக்கு யாரோ மென்பொருள் வைத்து ஆதரவு ஏற்றுகிறார்கள் என்று 2018 ஜனவரியில் புகாரும் கொடுத்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு வந்ததோ அதே கட்சியின் உறுப்பினர்களை! முன்பு கட்சிக்காக இந்த வேலையைப் பார்த்த கும்பல், கேட்ட தூதரகப் பதவி கிடைக்காமல் போனபின் பிளேட்டைத் திருப்பிப் போட்டிருந்தது. அவர்களோடு கூட்டுச் சேர்ந்த குற்றத்துக்காகக் கிம் கியோங்-சூ என்ற மாகாண ஆளுநர் 2021-இல் பதவியையும் இழந்து சிறைக்கும் போனார்.

'கூலி' என்ற சொல்லை வேண்டுமானால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சீனாவில் ஒரு பதிவுக்கு அரை யுவான் தருகிறார்கள் என்று வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். ஹார்வர்டு பேராசிரியர் கேரி கிங்கும் வேறு இரு ஆய்வாளர்களும் ஒரு மாவட்டப் பிரசார அலுவலகத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல்களைப் பிரித்துப் பார்த்தபோது, எழுதியவர்களில் அநேகமாக எல்லோருமே அரசு ஊழியர்கள். பதிவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்ததற்குச் சான்று இல்லை; ஆபீஸ் வேலையோடு வேலையாக எழுதியிருக்கிறார்கள். நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகள் என்பது 2017-இல் வெளியான அந்த ஆய்வின் மதிப்பீடு. இவர்கள் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. கொந்தளிப்பு கிளம்பும் நேரம் பார்த்து நாட்டின் பெருமையையும் தியாகிகளின் புகழையும் பாடிப் பேச்சைத் திருப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். (நீங்களும் தலையங்கம் எழுப்பிய கேள்வியை விட்டுவிட்டு உரிமைக்குத் தாவியிருக்கிறீர்கள்.)

துருக்கியில் ஆளுங்கட்சியின் இளைஞரணியோடு தொடர்புடையவை என்று சொல்லி 7,340 கணக்குகளை 2020 ஜூனில் ட்விட்டர் நீக்கியது. அரசு மறுத்தது. மறுக்காமல் என்ன செய்யும்?

நீங்கள் கேட்டபடி பெயரை வெளியிடவில்லை. பெயரை மறைப்பதை நான் குற்றமாக நினைப்பவனும் அல்ல. அரசை விமர்சித்து எழுதுபவருக்கு வேலை போகலாம், வழக்கு வரலாம். அவர் முகமூடி போட்டுக்கொள்வது உயிருக்குப் பயந்து. அரசை வாழ்த்துபவருக்கு என்ன ஆபத்து வந்துவிடும் என்பதுதான் புரியவில்லை.

மற்ற ஆறு பேருக்கும் தனித்தனியே பதில் எழுத நேரமில்லை. நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.