மரபணு மாற்றப்பட்ட உணவுக்குத் தனி லேபிள் எதற்காக?

ஆய்வகத்தில் மரபணுவை மாற்றியமைத்து உருவாக்கிய பயிரிலிருந்து வந்த உணவு இது என்று பொட்டலத்தின் மேல் எழுதித் தெரிவிப்பதே இந்த லேபிள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, அத்தகைய சோயாவின் எண்ணெய் சேர்ந்த பண்டமானால், சேர்பொருள் பட்டியலில் அந்த எண்ணெய்க்குப் பக்கத்திலோ பட்டியலின் அடிக்குறிப்பிலோ ‘மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து தயாரிக்கப்பட்டது’ என்று இருக்க வேண்டும். சுத்திகரித்த எண்ணெயில் மாற்றிய மரபணுவின் சுவடே அகப்படாவிட்டாலும் விலக்கு இல்லை. ஏனெனில், சட்டம் பார்ப்பது பொருளில் எஞ்சியிருப்பதை அல்ல, அது வந்த வழியை. நம் கடைகளில் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று போட்டிருப்பது ஆட்டிய விதத்தைச் சொல்கிறதே தவிர, மற்ற எண்ணெய் கெடுதல் என்று சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான்.

வயலிலும் கிடங்கிலும் தற்செயலாகக் கலந்துவிடுவதை முழுதும் தவிர்க்க இயலாது என்பதால், அனுமதி பெற்ற பயிரானால், ஒரு சேர்பொருளில் 0.9 சதவீதம் வரையிலான கலப்புக்கு லேபிள் தேவையில்லை. மரபணு மாற்றிய தீவனம் தின்ற மாட்டின் பாலுக்கும் தேவையில்லை என்பது, வந்த வழியைப் பார்க்கும் சட்டத்துக்கு அவ்வளவு பொருத்தமாக எனக்குப் படவில்லை.

இந்த லேபிளைப் பலர் அபாய எச்சரிக்கையாக வாசிக்கிறார்கள். ஆனால், பாதுகாப்பு மதிப்பீட்டுக்குப் பின் அனுமதி பெறாத பயிரின் உணவை அங்கே லேபிள் ஒட்டியும் விற்க முடியாது.