எத்தனை விமானம் பறக்கும், எத்தனை ஹேங்கரில் நிற்கும்? போர் விமானங்கள் குறித்த கேள்வி பதில்

நீலகிரியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, விமானப்படையின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது குன்னூரில் வசிக்கும் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஐயா, சுகோய்-30, ரஃபேல் இரண்டில் எது சிறந்தது? சுகோய்க்குத்தானே வேகம் அதிகம்?

வேகம் அதிகம் என்பது உண்மைதான். சுகோய்-30 எம்கேஐ ஒலியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்திலும், ரஃபேல் 1.8 மடங்கு வேகத்திலும் பறக்கக்கூடியவை. ஆனால் வெடிகுண்டுகளையும் ஏவுகணைகளையும் இறக்கைக்கு அடியில் சுமந்துகொண்டு எந்த விமானமும் அந்த உச்ச வேகத்தைத் தொடுவதில்லை. தொட்டாலும் சில நிமிடங்களில் எரிபொருள் தீர்ந்துவிடும். ஆகவே நான் முதலில் பார்ப்பது எடையையும் சுமையையும்தான். ஏறத்தாழ பத்து டன் வெற்று எடையுள்ள ரஃபேல் ஒன்பதரை டன் வரை வெளிச்சுமை ஏற்றிக்கொள்கிறது. பதினெட்டு டன்னுக்கு மேல் வெற்று எடையுள்ள சுகோய் சுமப்பது எட்டு டன். மறுபுறம், சுகோயின் உடலுக்குள்ளேயே ஒன்பது டன்னுக்கு மேல் எரிபொருள் கொள்வதால், வெளித் தொட்டிகள் இல்லாமலேயே அது நெடுந்தூரம் சென்று திரும்பும். இரண்டரை டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைச் சுமந்து செல்வதும் நம்மிடம் சுகோய் மட்டுமே. 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட 222ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) அந்தப் பணிக்காகவே அமைக்கப்பட்டது. வானில் எதிரி விமானத்தைத் தொலைவிலிருந்தே கண்டு சுடுவதில், புதுவகை ரேடாரும், தொலைதூர இலக்கை வானிலேயே தாக்கும் மீட்டியோர் ஏவுகணையும் கொண்ட ரஃபேலுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

அருவங்காட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளர்: சுகோய்களில் பாதி எப்போதும் தரையிலேயே நிற்கின்றன என்று படித்தேன். இது உண்மையா?

ஒரு காலத்தில் ஏறக்குறைய அதுதான் நிலைமை. சுகோய்களின் தயார்நிலை, அதாவது பறக்கத் தயாராக உள்ள விமானங்களின் விகிதம், 75 விழுக்காடு இருக்க வேண்டிய இடத்தில் 55 முதல் 60 விழுக்காடாகவே இருந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2015ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. இதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஏஎல்-31எஃப்பி எஞ்சினின் பேரிங்குகள் தேய்ந்து உலோகத் துகள்கள் எண்ணெயில் கலந்தது. எண்ணெயில் துகள் தென்பட்டால், விமானம் நன்றாகப் பறந்துகொண்டிருந்தாலும் அந்த எஞ்சினைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சுகோய்க்கு எஞ்சின் இரண்டு என்பதால் இந்தத் தொல்லையும் இரட்டிப்பாகும். இரண்டாவது, உதிரிப் பாகங்கள். விமானத்தை நாசிக்கில் கட்டினாலும், எஞ்சினைக் கோராபுட்டில் ஓவர்ஹால் செய்தாலும், பல பாகங்கள் ரஷ்யாவிலிருந்தே வந்தாக வேண்டியிருந்தது. பாகம் வர மாதக்கணக்கில் தாமதமாகும்போது, நிற்கும் ஒரு விமானத்திலிருந்து கழற்றிப் பறக்க வேண்டிய இன்னொன்றில் மாட்டுவார்கள். இப்படிச் செய்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டும். கழற்றும் ஒவ்வொரு முறையும் நல்ல பாகமும் கெட வாய்ப்புண்டு. பராமரிப்பில் இருந்த எவரும் இதை விரும்பிச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. பின்னர் பேரிங்கிலும் எண்ணெய் அமைப்பிலும் செய்த திருத்தங்களாலும், உள்நாட்டிலேயே பல பாகங்கள் தயாரானதாலும் நிலைமை மேம்பட்டது.

ரஃபேல் வாங்கும்போது இந்தப் பாடம் நினைவில் இருந்தது போலும். 2016 செப்டம்பரில் 36 விமானங்களுக்குக் கையெழுத்தான ஒப்பந்தத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு எந்நேரமும் குறைந்தது 75 விழுக்காடு விமானங்கள் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு விற்பவர் மீதே சுமத்தப்பட்டது. விலை அதிகம் என்று பேசியவர்களில் பலர் இந்த நிபந்தனையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ரஃபேலின் எம்88 எஞ்சின் 21 தனித்தனிப் பகுதிகளாகப் பிரியக்கூடியது. பழுதான பகுதியை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே பயன்படுத்தலாம்.

கேத்தியிலிருந்து ஓர் ஆசிரியை: திருவனந்தபுரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நின்ற பிரிட்டிஷ் எஃப்-35 விமானத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அவ்வளவு விலை கொடுத்த விமானம் ஏன் அப்படி நின்றது?

2025 ஜூன் 14 அன்று தரையிறங்கிய அந்த எஃப்-35பி, ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. மோசமான வானிலையில் எரிபொருள் குறைந்ததால் இறங்கிய விமானத்தில், பின்னர் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் அமைப்பு) கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. ஹைட்ராலிக் கோளாறு எந்தப் போர் விமானத்துக்கும் வரக்கூடியதே. ஆனால் இந்த விமானத்தை எல்லோரும் தொட்டுப் பழுதுபார்க்க முடியாது. ரேடாருக்குப் புலப்படாமல் இருக்க அதன் மேற்பரப்பில் பூசிய பூச்சும், உள்ளிருக்கும் மென்பொருளும் இரகசியமானவை. பயிற்சி பெற்ற பொறியாளர்களும் அவர்களின் கருவிகளும் பிரிட்டனிலிருந்து தனி விமானத்தில் வந்து சேர வேண்டியிருந்தது. கேரளத்தார் அதைச் சுற்றுலா விளம்பரமாக மாற்றிச் சிரித்தார்கள்; நானும் சிரித்தேன். ஆயினும் அமெரிக்காவிலேயே அந்த விமானத்தின் கதை இதுதான். 2023 மார்ச்சில் அவர்களின் எஃப்-35களில் பணிக்குத் தயாராக இருந்தவை சுமார் 55 விழுக்காடு என்று அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பே கூறியது. பழுதுபார்க்கும் டெப்போக்கள் போதாமை, உதிரிப் பாகத் தட்டுப்பாடு, தொழில்நுட்பத் தகவல்களை உற்பத்தியாளர் தம்மிடமே வைத்திருப்பது ஆகியவை அது சொன்ன காரணங்கள். சுகோய்க்கு நாம் பட்ட பாட்டிலிருந்து இது அதிகம் வேறுபட்டதில்லை.

கூடலூரிலிருந்து ஒரு வாசகர்: மிக்-21 மோசமான விமானம்தானா?

இல்லை. 1963இல் வந்து 2025 செப்டம்பர் 26இல் விடைபெற்ற விமானம் அது. எளிமையானது, மலிவானது, பராமரிக்கவும் சுலபமானது. தரையிறங்கும் வேகம் மிக அதிகம் என்பதால் அனுபவம் குறைந்த விமானியை அது மன்னிக்காது. அதற்கு மாற்றாக வர வேண்டியது காலத்தில் வராததால், வைத்திருக்கக் கூடாத காலம் வரை அதை வைத்திருந்தோம்.

வெலிங்டனிலிருந்து ஒருவர்: லடாக்கின் லே போன்ற உயரமான தளங்களில் நம் விமானங்களின் திறன் குறையுமா?

கண்டிப்பாகக் குறையும். மேட்டுப்பாளையத்தில் சுறுசுறுப்பாக இழுத்த வண்டி ஊட்டி வந்ததும் மூச்சு வாங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 3,200 மீட்டருக்கு மேலுள்ள லேயில் கால் பங்குக்கும் மேல் குறைவு. எஞ்சினின் உந்துவிசையும் இறக்கையின் தூக்கும் விசையும் ஒன்றாகக் குறைவதால், ஓடுபாதையில் அதிக தூரம் ஓட வேண்டும். ஆகவே எரிபொருளையோ ஆயுதத்தையோ குறைத்துக்கொண்டுதான் கிளம்ப முடியும். கோடை நண்பகலில் இது இன்னும் மோசமாகும். எனவே ஒரு விமானத்தின் சுமைத் திறனைப் படிக்கும்போது, அது எந்த உயரத்தில், எந்த வெப்பநிலையில் அளந்தது என்று கேட்க வேண்டும்.

உதகையிலிருந்து ஒரு மாணவி: சூலூரில் இருக்கும் நம் நாட்டுத் தயாரிப்பான தேஜஸ் மற்றவற்றோடு போட்டியிடுமா?

அதன் அளவில் போட்டியிடும். பதின்மூன்றரை டன் அதிகபட்ச எடை கொண்ட ஒற்றை எஞ்சின் விமானத்தைச் சுகோயுடன் ஒப்பிடுவது நியாயமாகாது. மிக்-21க்குப் பதிலாக வந்தது என்ற அளவுகோலில் பார்த்தால் அது வெகுதூரம் முன்னேறியது. சூலூரில் 45, 18 என இரண்டு ஸ்குவாட்ரன்கள் அதை இயக்கி வந்தன. 2024 ஆகஸ்டில் அங்கே நடந்த தரங் சக்தி பயிற்சியில் ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் டைஃபூன் போர் விமானங்களோடும் பிரான்சின் ரஃபேல்களோடும் சேர்ந்து பறந்தது.

பராமரிப்பில் எனக்குப் பிடித்தது அதன் கார்பன் கூட்டுப்பொருள் உடல். எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருள் என்பதால் துருப்பிடிக்கும் கவலை குறைவு. ஆனால் உள்ளே அடுக்குகள் பிரிந்தால் வெளியில் தெரியாது. மீயொலிக் கருவியால் சோதித்துத்தான் கண்டறிய வேண்டும். முதல் வடிவத்தில் கருவிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, கையை நுழைக்கவே சிரமமாக இருந்ததைத் திருத்துவதும் மேம்படுத்தப்பட்ட மார்க்-1ஏ வடிவத்தின் நோக்கங்களில் ஒன்று. 2021இல் கேட்ட 83 விமானங்கள் தாமதமாவதற்கு அமெரிக்க எஃப்404 எஞ்சின்கள் நேரத்துக்கு வராததும் ஒரு பெரிய காரணம்.

குன்னூரிலிருந்து ஒருவர்: பாகிஸ்தானுக்கும் இதே தொல்லைகள் உண்டா?

உண்டு. எஃப்-16 உலகில் 4,500க்கு மேல் தயாரான விமானம் என்பதால் அதன் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்காவின் சம்மதம் வேண்டும். 2022 செப்டம்பரில் 45 கோடி டாலர் வரையிலான பராமரிப்பு உதவிக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தபோது இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. சீனாவுடன் சேர்ந்து செய்யும் ஜேஎஃப்-17 போர் விமானத்தில் இருப்பதோ நம் மிக்-29 எஞ்சினின் உறவான ரஷ்ய ஆர்டி-93 எஞ்சின்; அதற்கு ரஷ்யாவை நம்ப வேண்டும்.

கோத்தகிரி மாணவரே மீண்டும்: அப்படியானால் ஒரே வகை விமானத்தை வாங்கிவிட்டால் என்ன?

பராமரிப்பாளர் எவரும் அதைத்தான் கேட்பார். சுகோய், ரஃபேல், தேஜஸ், மிராஜ்-2000, மிக்-29, ஜாகுவார் என்று ஆறு வகைகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி, தனிக் கருவி, தனிக் கிடங்கு. இன்று உலகில் ஜாகுவாரைப் பறக்கவைப்பது நாம் மட்டுமே என்பதால், மற்ற நாடுகளில் ஓய்வுபெற்ற உடல்களிலிருந்து பாகம் எடுக்கிறோம். ஆனால் முழுப் படையும் ஒரே வகையாக இருந்து, சுகோய்க்கு வந்தது போன்ற ஒரு பேரிங் கோளாறு வந்தால், நாட்டின் போர் விமானங்கள் அனைத்தும் ஒரே நாளில் தரையில் நின்றுவிடும். ஆறை மூன்றாகவோ நான்காகவோ குறைப்பது நல்லது என்பதே என் கருத்து; ஒன்றாகக் குறைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.