முறைவாசல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம் என் ஊர். ஆறு வருடமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை. மனைவி, ஐந்து வயது மகள்.

போன மாசி மாதம் அப்பா தவறிவிட்டார். நான் விமானம் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் பந்தல் போட்டு, நாற்காலி இறக்கி, ஐஸ் பெட்டி வைத்து, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து எல்லாம் நடந்துகொண்டிருந்தது. யாரையும் யாரும் கூப்பிடவில்லை. தெருவே வந்து நின்றது. காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடவில்லை.

திரும்பி வந்த வாரம் என் வீட்டுக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. 'கேர்வோகெ' என்று எழுதியிருந்தது. அந்த வாரம் மாடிப்படியைக் கூட்டித் துடைப்பது எங்கள் முறை என்று அர்த்தம். இருந்த மனநிலையில் செய்யவில்லை. கீழ்வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதிவிட்டார். பதினான்கு படி ஏறினால் என் கதவு, அக்கா.

மேல்மாடியில் ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். அழைப்புமணிப் பலகையில் அவர் பெயர் இல்லாததைப் பார்த்துத்தான் இறந்துபோனது எங்களுக்குத் தெரிந்தது. இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

இங்கே ஒழுங்கு இருக்கிறது, மனசு இல்லை. நம்மிடம் மனசு இருக்கிறது, ஒழுங்கு இல்லை. டோக்கியோவில் இருக்கும் நண்பனும் இதையேதான் சொல்கிறான். இது அந்தந்த மக்களின் குணமா? மகளை எங்கே வளர்ப்பது என்று குழப்பமாக இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

பி.கு.: எங்கள் முறை வரும் வாரத்தில் வாசல்படி முன்னால் சின்னதாக ஒரு கோலம் போடலாமா என்று மனைவி கேட்கிறாள். வம்பாகுமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

உங்கள் கதவில் தொங்கிய அட்டையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோர் வீட்டில் வளர்ந்தவள். தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே ரயில் பெட்டி மாதிரி ஒன்பது குடித்தனம், ஒரு கிணறு, ஒரு அடிபம்பு, கொல்லையில் இரண்டு கக்கூஸ். அங்கே இதற்கு முறைவாசல் என்று பெயர். வாரத்துக்கு ஒரு குடித்தனம் வாசல் தெளித்து, கூட்டி, கோலம் போட்டு, நடையையும் முற்றத்தையும் கழுவிவிட வேண்டும். அட்டை கிடையாது, துடைப்பம்தான் அட்டை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம் வீட்டு நிலையில் துடைப்பம் சாத்தியிருந்தால் திங்கட்கிழமையிலிருந்து நம் முறை. தவறினால் யாரும் கடிதம் எழுத மாட்டார்கள். கிணற்றடியில் நின்று, வேறு யாரையோ சொல்கிற மாதிரி, நம் காதில் விழும்படி திட்டுவார்கள். உங்கள் கீழ்வீட்டுக்காரரின் கடிதம் எவ்வளவோ தேவலை.

(ஒன்பது குடித்தனத்தில் ஒரு ஆண்கூடத் துடைப்பத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் 'செய்யவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள், 'மனைவி செய்யவில்லை' என்று எழுதவில்லை. அதைக் கவனித்தேன்.)

கேர்வோகெ ஜெர்மனி முழுக்க உள்ள வழக்கம் இல்லை. அது உங்கள் ஸ்டுட்கார்ட் இருக்கிற ஸ்வேபியப் பகுதிக்கே உரியது, மற்ற ஜெர்மானியர்களே அதை வைத்து அவர்களைக் கிண்டல் செய்வார்கள். வூர்ட்டம்பெர்க்கை ஆண்ட எபர்ஹார்டு என்ற பிரபுவின் காலத்தில், 1492-இல், ஊர் சுத்தமாக இருக்க அவரவர் வீட்டுச் சாணத்தையும் குப்பையையும் வாரம் தவறாமல் வெளியேற்ற வேண்டும் என்று நகரச் சட்டம் போட்டார்கள். அதைத்தான் இந்த வழக்கத்தின் தொடக்கம் என்று சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் ஊர் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும்! 1988-இல் மாநகராட்சி அந்த விதியை எடுத்துவிட்டது. ஆனால் வழக்கம் போகவில்லை, வாடகை ஒப்பந்தத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆக, பிறவியிலேயே சுத்தக்காரர்களான ஒரு கூட்டம் இல்லை அது. ஐந்நூறு வருடம் முறை வைத்துக் கூட்டியவர்கள்.

எங்கள் ஸ்டோரின் முறைவாசல் எப்படி முடிந்தது தெரியுமா? எண்பதுகளில் ஒரு வருடம், சண்டை பொறுக்காமல், குடித்தனத்துக்கு மாதம் ஐந்து ரூபாய் போட்டு வாசல் தெளிக்க ஒரு அம்மாளை வைத்தோம். பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. கிணற்றடிக்குப் போக வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. வாசல் முன்னைவிடச் சுத்தமாகவே இருந்தது, சண்டையும் ஓய்ந்தது. மறுவருடம் மூன்றாம் குடித்தனத்துப் பாட்டி ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்துவிட்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினபோதுதான் அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததே எங்களுக்குத் தெரியும். முறைவாசல் இருந்த காலத்தில் அந்தப் பாட்டி காலையில் வெளியே வரவில்லை என்றால் ஏழு மணிக்குள் ஒன்பது குடித்தனத்துக்கும் தெரிந்திருக்கும். அதே மனிதர்கள்தான், நண்பரே. ஐந்து ரூபாயும் ஒரு குழாயும்தான் புதிது.

அதனால்தான் குணம் என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை. தனியாகச் செய்ய முடியாத ஒரு காரியம் இருக்கும்வரை ஆட்கள் சேர்ந்து நிற்கிறார்கள். காசு கொடுத்தோ மோட்டார் வைத்தோ அதைத் தனியாக முடித்துக்கொள்ள முடிந்த அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நம்முடைய குடிமராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரை உடைந்தால் ஊரே போய் அடைக்கும் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் வராதவர்களை வரவழைக்க 1858-இலேயே மதராஸ் மாகாணத்தில் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்புறம் ஏரி பொதுப்பணித் துறைக்குப் போயிற்று, கிணற்றுக்கு பம்ப்செட் வந்தது. சொந்த மோட்டார் இருக்கிறவன் மதகைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறான்? அதே ஊர்க்காரர்கள், 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, உங்கள் பேராவூரணியிலேயே பெரியகுளத்தைத் தூர் வாரக் கிளம்பினார்கள். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

இப்போது அப்பாவின் சாவு. யாரையும் யாரும் கூப்பிடவில்லை என்கிறீர்கள். அப்படி இல்லை என்று நினைக்கிறேன். அப்பா கூப்பிட்டிருக்கிறார், நாற்பது ஐம்பது வருடமாக. அந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்குப் பந்தல்கால் நட்டிருப்பார், எத்தனை பாடைக்குத் தோள் கொடுத்திருப்பார், எத்தனை மொய் நோட்டில் அவர் பெயர் இருக்கும்? மொய் விருந்துக்குப் பேர்போன பகுதி உங்களுடையது. ஆடி மாதம் கறிச்சோறு போட்டு, மேசை போட்டு, வந்த பணத்தை நோட்டில் எழுதி, அவர்கள் விருந்து வைக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்கிற ஊர். அங்கே மனசும் உண்டு, கணக்கும் உண்டு. கணக்கு இருப்பதால் மனசு பொய்யாகிவிடாது. ஆனால் ஸ்டுட்கார்ட்டில் ஆறு வருடத்தில் உங்கள் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது? குத்திக் காட்டக் கேட்கவில்லை. அந்த மேல்மாடி மூதாட்டியின் பெயரை, அவர் உயிரோடு இருந்தபோது, அழைப்புமணிப் பலகையைத் தவிர வேறெங்காவது கேட்டிருக்கிறீர்களா?

அங்கே நோட்டு வேறு இடத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் பதிவு செய்த சங்கங்கள் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல். பாட்டுக்கு, துப்பாக்கி சுடுவதற்கு, முயல் வளர்ப்பதற்கு, எல்லாவற்றுக்கும் ஒரு ஃபெரைன். பெரிய நகரங்களை விட்டால் தீயணைப்பே தன்னார்வலர்கள் கையில்தான் இருக்கிறது. சுமார் 10 லட்சம் பேர். அப்படி ஒரு சிற்றூரில் வீடு தீப்பிடித்தால், பேச்சுவார்த்தையே இல்லாத அந்தக் கீழ்வீட்டுக்காரர் மாதிரி ஒருவர்தான் தூக்கத்திலிருந்து எழுந்து, சம்பளம் இல்லாமல், குழாயைத் தூக்கிக்கொண்டு வருவார். காபிக்குக் கூப்பிட மாட்டார். நமக்கு இது புரியாத சேர்க்கை.

நார்வேயில் துக்னாட் என்று ஒன்று. வசந்தகாலத்தில் ஒரு நாள், பனி உருகினதும், அடுக்ககத்தில் இருக்கிற எல்லாரும் இறங்கி முற்றத்தைக் கூட்டி, பெயின்ட் அடித்து, செடி வெட்டி, கடைசியில் சேர்ந்து வாஃபிள் சாப்பிடுவார்கள். 2004-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் இதையே தேசத்தின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஸ்லோவில் இருக்கிற என் தோழியிடம் ஒரு வருடம் முழுக்கப் பேசாத எதிர்வீட்டுக்காரர், கையில் குப்பைவாரி வந்ததும் இரண்டு மணி நேரம் பேசினாராம். மறுநாள் லிஃப்டில் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வராதவர்களிடம் காசு வாங்கும் குடியிருப்புகளும் உண்டு. தேசத்தின் சொல்லுக்கும் அபராதம் தேவைப்படுகிறது, பாருங்கள்.

உங்கள் டோக்கியோ நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் தெருவுக்குத் தெரு சோனாய்காய் என்ற அக்கம்பக்கத்தார் சங்கம் உண்டு. குப்பை போடும் இடத்தை முறை வைத்துச் சுத்தம் செய்வார்கள், அறிவிப்புப் பலகை ஒன்று வீடு வீடாகக் கைமாறிச் சுற்றி வரும். 1995 ஜனவரி 17 விடிகாலை கோபே பகுதியில் பூகம்பம் வந்து 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை இழுத்து வெளியே போட்டது குடும்பத்தாரும் பக்கத்து வீட்டாரும்தான். பூகம்ப மையத்துக்கு அருகே அவாஜித் தீவில் ஹொகுதான் என்ற சிற்றூர். அங்கே சுமார் 300 பேரை ஊர்க்காரர்களும் ஊர்த் தீயணைப்புப் படையும் அன்றைக்கே தோண்டி எடுத்தார்கள். எப்படி முடிந்தது? எந்த வீட்டில் எந்தக் கிழவி எந்த அறையில் படுப்பாள் என்று அவர்களுக்குத் தெரியும். கூரை சரிந்த வீட்டில் நேரே அந்த மூலையைத் தோண்டினார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து அந்த ஊர் என்னை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் நான் எந்த அறையில் படுக்கிறேன் என்று தெரிந்தவருக்கு, நான் எத்தனை மணிக்கு வீடு திரும்பினேன், யாரோடு திரும்பினேன் என்பதும் தெரிந்திருக்கும். அதே ஜப்பானில் 1940-இல் அரசாங்கம் பத்து வீட்டுக்கு ஒரு குழு என்று தொனாரிகுமியை நாடு முழுக்க அமைத்தது. போர்க்கால ரேஷன் அதன் வழியாகத்தான் கிடைக்கும், தீயணைப்புப் பயிற்சியும் அதில்தான். யார் போருக்கு எதிராகப் பேசுகிறார்கள் என்று ஒருவரையொருவர் கண்காணிப்பதும் அதன் வழியாகத்தான். 1947-இல் கலைத்தார்கள்.

ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவரை ஒதுக்கி வைப்பதற்கு அங்கே முராஹாசிபு என்று பெயர். ஊரார் சேர்ந்து செய்கிற காரியம் பத்து, அதில் எட்டை நிறுத்திவிடுவார்கள், மிச்சம் இரண்டு சாவும் தீவிபத்தும் என்று அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்வார்கள். நம்மூர் ஊர்விலக்கத்தில் அந்த இரண்டும்கூட மிஞ்சுவதில்லை. நல்லது கெட்டது எதற்கும் போகக்கூடாது, கடையில் சாமான் கிடையாது, சாவுக்கும் வரக்கூடாது.

அதனால் ஒன்று கேட்கிறேன், வருத்தப்பட வேண்டாம். 'தெருவே வந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தெரு? அப்பாவுக்குப் பறையடித்தவர்களும் சுடுகாட்டில் வேலை பார்த்தவர்களும் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், துக்கத்துக்கு வந்தார்களா, கூலிக்கு வந்தார்களா? அவர்கள் வீட்டுச் சாவுக்கு உங்கள் தெரு போய் நாற்காலி இறக்கியதுண்டா? ஏரித் தண்ணீரைப் பங்கிட்டுவிட்ட நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். அந்தத் தண்ணீரில் விளைந்த நிலம் பெரும்பாலும் அவர்களுடையது இல்லை. எங்கள் ஸ்டோரை மட்டும் உயர்த்திப் பேசவில்லை. 'நீங்க எவா?' என்று கேட்டு, பதில் பிடித்தால்தான் எங்கள் வீட்டுக்காரர் சாவியைக் கொடுப்பார். ஒன்பது குடித்தனமும் ஒரே சாதி. அந்த அன்னியோன்யத்தை நினைத்து ஏங்கும்போதெல்லாம் சாவி கிடைக்காதவர்களையும் நான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர் 1989-இல் இதை அரசு விதியால் உடைத்தது. அரசு அடுக்ககங்களில் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு. கீழ்த்தளத்தில் சுவரில்லாத பொதுவெளி ஒன்று விட்டிருப்பார்கள், இந்த வாரம் அங்கே மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டுச் சாவு. வரம்பு நிறைந்த கட்டடத்தில் வீட்டை விற்கப் போகிற தமிழர், வாங்க ஆள் குறைந்து விலையும் இறங்குகிறது என்று அலுத்துக்கொள்கிறார். அதுவும் நியாயமான அலுப்புதான்.

மகளை எங்கே வளர்ப்பது என்று நான் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம், வேலை, உங்கள் அம்மா தனியாக இருப்பது, இதெல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் 'மனசு இருக்கும் ஊர்' என்று நினைத்து மட்டும் மூட்டை கட்டாதீர்கள். நீங்கள் இல்லாத ஆறு வருடத்தில் உங்கள் தெருவிலும் எத்தனை பேர் திருப்பூருக்கும் துபாய்க்கும் போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பந்தலும் நாற்காலியும்கூட இப்போது வாடகைக் கடையிலிருந்துதானே வந்திருக்கும்?

கீழ்வீட்டுக்காரரிடம் அப்பா இறந்த செய்தியைச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரியாது என்றே நினைக்கிறேன். அட்டை அடுத்தமுறை உங்களுக்கு வரும்போது படியைத் துடைத்துவிட்டு, அடுத்த வீட்டில் மாட்டும்போது மணியை ஒரு அழுத்து அழுத்திக் கையில் கொடுங்கள்.

கோலம் போடச் சொல்லுங்கள். அரிசிமாவு மட்டும் வேண்டாம், எறும்பு வந்தால் உரிமையாளருக்கு இன்னொரு கடிதம் போகும். சாக்பீஸ் போதும். வாரம் முடிவதற்குள் நீங்களே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறைக்காரர் அதை அழுக்குக் கணக்கில் சேர்த்துவிடுவார்.