பட்டாளத்துப் பை: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான் லீட்ஸில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பழைய ராணுவப் பையைத் தூக்கிக்கொண்டு மலையில் நடப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. போன மாதம் இங்கே ஒரு கார் பூட் சந்தையில் (காரின் பின்பெட்டியில் பழைய சாமான் வைத்து விற்பார்களே, அது) ஒரு பெரியவரிடம் 37 பேட்டர்ன் வெப்பிங் ஒரு செட் வாங்கினேன், அதாவது பிரிட்டிஷ் ராணுவத்தின் 1937 மாதிரி வாரும் பையும். இடுப்பு வார், தோள் வார்கள், முன்பக்கத்து இரண்டு பைகள், முதுகில் போடும் சின்னப் பை, கம்பளித் துணி சுற்றிய தண்ணீர்க் குடுவை. முன்பைகளின் மூடிக்கு உள்ளே கோழிக்கால் மாதிரி ஒரு குறி இருக்கிறது. அதன் கீழே ஆங்கில எழுத்து ‘ஐ’, பக்கத்தில் 1943.

அக்டோபரில் நண்பர்களோடு லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பகுதியில் இரண்டு இரவு தங்கப்போகிறேன். இதையே மாட்டிக்கொண்டு போகலாமா, இல்லை அலமாரியில் வைத்துவிட வேண்டுமா? ரொம்ப அழுக்காக இருக்கிறது, வாஷிங் மெஷினில் போடலாமா?

இன்னொன்று. “நம்மை அடிமையாக வைத்திருந்தவன் சாமானைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டுகிறாயா?” என்று என் அறை நண்பன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

க., லீட்ஸ்

அன்புள்ள தம்பி,

முதலில் வாஷிங் மெஷின். தயவுசெய்து போடாதீர்கள்.

அழுக்கு என்று நீங்கள் நினைப்பதில் பாதி பிளாங்கோவாக இருக்கும். பச்சையும் காக்கியுமாகக் கட்டியாக வந்த பூச்சு அது. தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் குழைத்து, வெப்பிங் மேல் தேய்த்துக் காயவைப்பார்கள். அதைத் தயாரித்த பிக்கரிங் கம்பெனி நான் இருக்கும் இந்த ஷெஃபீல்டில்தான் இருந்தது. நான் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் 1941 முத்திரை போட்ட ஒரு முதுகுப்பையை வெந்நீரில் ஊறப்போட்டேன். ஒரு மணி நேரத்தில் வாளித் தண்ணீர் பச்சையானது. மூடியின் உட்புறத்தில் ஒரு சிப்பாய் மையால் எழுதியிருந்த அவருடைய எண்ணும் அந்தத் தண்ணீரோடு போய்விட்டது. அதை நான் குறித்து வைத்திருக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. அந்தப் பையைச் சுமந்தவர் யார் என்று தேடிப்போக இருந்த ஒரே வழியை என் கையாலேயே அடைத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அதனால், உலர்ந்த பிரஷ் மட்டும் போதும். வெயில் வரும் நாளில் நிழலில் காற்றாட விடுங்கள். பித்தளைக் கொக்கிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். பாலிஷ் போட்டால் அது நூலுக்குள் இறங்கி வெள்ளையாகக் காய்ந்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது. பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைக்காதீர்கள். இந்த ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடித்துவிடும். பழைய பருத்திப் புடவைத் துண்டு இருந்தால் அதில் சுற்றி வையுங்கள்.

அடுத்து அந்தக் கோழிக்கால். மூன்று கோடுகள் ஓர் உச்சியில் சேரும் அந்த அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான அடையாளம். பல நூற்றாண்டு வழக்கம் அது. பீரங்கியிலிருந்து கரண்டி வரை எல்லாவற்றிலும் அடித்திருக்கிறார்கள். கனடாவில் செய்ததென்றால் ‘சி’ எழுத்துக்குள் அம்பு இருக்கும். ஆஸ்திரேலியா என்றால் இரண்டு ‘டி’க்கு நடுவே. அம்புக்குக் கீழே ‘ஐ’ இருந்தால் அது இந்தியா.

ஆக, உங்கள் பை நம் நாட்டில் தைத்தது தம்பி. கீழ்த்திசையில் இருந்த பிரிட்டிஷ் படைகளுக்கும் இந்தியப் படைகளுக்கும் இந்தியாவிலேயே செய்து கொடுத்த சாமான் அது. கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இங்கிலாந்தில் மில்ஸ் கம்பெனி செய்த தோள் வாரில், தோளில் படும் இடத்தில் அகலம் கூடி, பிறகு குறையும்படி தறியிலேயே நெய்திருப்பார்கள். வெட்டும் இருக்காது, ஒட்டும் இருக்காது. இந்தியாவில் போர் அவசரத்தில் செய்த பல உருப்படிகளில் கித்தானை மடித்துத் தையல் போட்டே அந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். நூலும் முரடு, தையலும் எண்ணிக்கையில் குறைவு. சேகரிப்பவர்கள் பலர் இதைத் தரம் குறைந்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிரியமானவை இவைதான்.

உங்கள் நண்பர் கேள்விக்கு இங்கேதான் வர வேண்டும். அவர் கோபத்தை நான் தள்ளமாட்டேன். 1943 என்று முத்திரை இருக்கிறது என்கிறீர்கள். அந்த வருஷம்தான் வங்காளத்தில் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் சோறில்லாமல் செத்தார்கள். அதே வருஷம் அதே நாட்டில் போருக்காகப் பைகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையைக் கையில் எடுக்கும்போது இரண்டும் சேர்ந்துதான் வரும். வரவும் வேண்டும்.

ஆனால் அது வெறும் வெள்ளைக்காரன் சாமானா என்றால், இல்லை. இரண்டாம் உலகப் போர் முடியும்போது இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்ந்தவர்கள், குடும்ப வழக்கமாகச் சேர்ந்தவர்கள், ஊரை விட்டுப் போனால் போதும் என்று சேர்ந்தவர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை பர்மாவில் பாலம் கட்டியது, பாதை போட்டது, கண்ணிவெடி எடுத்தது. அதில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் இடுப்பிலும் தோளிலும் இருந்தது இந்த 37 பேட்டர்ன்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷார் தங்கள் தளவாடங்களை மொத்தமாக ஜப்பானியரிடம் விட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்துக்குத் துப்பாக்கியும் உடுப்பும் பெரும்பாலும் அந்தக் குவியலிலிருந்துதான் வந்தன. மலாயா தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். ஆக, ஒரே வாரைக் கட்டிக்கொண்டு, ஒரே மாதிரிக் கொக்கியை மாட்டிக்கொண்டு, நம் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். பிறகு இந்தியா சுதந்திரம் அடைந்தது. வாரை யாரும் கழற்றவில்லை. 1962 சீனப் போரிலும் நம் ஜவான்கள் இதே வகை வெப்பிங்கோடுதான் பனியில் நின்றார்கள். உங்கள் வீட்டில் யாராவது பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்திருந்தால் கேட்டுப்பாருங்கள், பெல்ட்டுக்கு பிளாங்கோ போட்டதையும் பித்தளைக்கு பிராஸோ தேய்த்ததையும் சொல்வார்கள். சாம்ராஜ்யத்துக்கு சல்யூட் வைக்க வேண்டி நீங்கள் அந்தப் பையை வைத்திருக்கவில்லை. அதை உங்கள் நண்பரிடம் தைரியமாகச் சொல்லலாம். கூடவே அந்தக் குறியையும் அவருக்குக் காட்டுங்கள்.

சரி, மாட்டிக்கொண்டு போகலாமா? லேக் டிஸ்ட்ரிக்டுக்கு வேண்டாம். 80 வருஷத்துக்கு மேலான பருத்தி நூல் அது. அக்டோபர் மழையில் நனைந்து எடை ஏறினால் முதலில் தையல் விடும். ஆனால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். மழை இல்லாத ஒரு நாள் பாருங்கள். முன்பைகளில் பைக்கொரு சின்ன மூட்டை அரிசி, முதுகுப்பையில் ஒரு போர்வை, அவ்வளவு போதும். வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். முன்னால் இருக்கும் கனமும் பின்னால் இருக்கும் கனமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வது தோளுக்குத் தெரியும். காவடி தூக்கியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். முன்பைகள் ஏன் அவ்வளவு உயரம் என்றால், பிரென் என்ற இயந்திரத் துப்பாக்கியின் மாகசின், அதாவது குண்டுப் பெட்டி, உள்ளே போக வேண்டும் என்று அளவெடுத்தவை. பிரென் ஒருவர் கையில்தான் இருக்கும், அதற்கான குண்டுகளை அந்தக் குழுவில் எல்லாரும் பகிர்ந்து சுமப்பார்கள். படத்தில் பார்த்தால் இதெல்லாம் விளங்காது. ஒரு தடவை நடந்துவிட்டு, கழற்றி, துடைத்து, சுற்றி வைத்துவிடுங்கள்.

அந்தக் குடுவையில் தண்ணீர் குடிக்கவே வேண்டாம். உள்ளே எனாமல் பெயர்ந்து துருப்பிடித்திருக்கும். வெளியே சுற்றிய கம்பளித் துணி வெறும் உறை என்று நினைக்காதீர்கள். அதை நனைத்துவிட்டால் காற்றுப் பட்டுத் தண்ணீர் குளிரும். கோடையில் பானைக்கு ஈரத்துணி சுற்றுவார்களே, அதே வித்தை.

மலைக்குக் கொண்டுபோக வேறு வாங்குங்கள். 37-க்குப் பிறகு காட்டுப் போருக்கென்றே எடை குறைத்து, மட்காதபடி பதப்படுத்தி 44 பேட்டர்ன் வந்தது. அதற்குள் உலகப் போர் முடிந்துவிட்டது, பிறகு மலாயாவில் நடந்த காட்டுச் சண்டையில்தான் நன்றாகப் புழங்கியது. இப்போது விலை அதிகம், விட்டுவிடுங்கள். அடுத்தது 58 பேட்டர்ன். சந்தையில் நிறையக் கிடைக்கும், மலிவு, பார்க்க அழகு. நானும் அதில்தான் தொடங்கினேன். ஒரு நவம்பரில் கிண்டர் ஸ்கவுட் மலை மேலே நாள் முழுக்க மழையில் மாட்டினேன். அதுவும் பருத்திதானே, குடித்த தண்ணீரை விடவே இல்லை. அந்த செட்டின் பெரிய முதுகுப்பைக்குச் சட்டமும் கிடையாது, இடுப்பு வாரும் கிடையாது. இறங்கி வரும்போது தோள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. 1982-ல் ஃபாக்லாந்து தீவுப் போரில் சிப்பாய்கள் பலர் இதைச் சுமந்துதான் சேற்றில் நடந்தார்கள் என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் தெரிந்துகொண்டேன். அவர்கள் காலில் இருந்த டி.எம்.எஸ். என்ற குட்டை பூட்ஸ் ஈரத்தை உள்ளே விட்டது. ஈரத்திலேயே கிடந்து பாதம் வெந்துபோகும் நோய் பலருக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் உயரமான புது பூட்ஸ் வந்தது.

உங்களுக்கு நான் சொல்வது அதற்கடுத்த தலைமுறை, பி.எல்.சி.இ. என்ற 90 பேட்டர்ன். நைலான் துணி, நீர் அவ்வளவாகக் குடிக்காது. இதன் பெர்கன் என்ற பெரிய முதுகுப்பையில் இரண்டு பக்கமும் ஜிப் போட்டுக் கழற்றும் 10 லிட்டர் பைகள் உண்டு. தனி வார் ஒன்றில் அந்த இரண்டையும் சேர்த்தால் பகல் நடைக்கான சின்னப் பை ஆகிவிடும். பெரியதைக் கூடாரத்தில் விட்டுவிட்டுச் சிகரத்துக்குப் போய் வரலாம். முதுகு நீளத்துக்குக் குட்டை, நெட்டை என்று இரண்டு அளவு உண்டு, கேட்டு வாங்குங்கள். போலிகள் நிறைய. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் 13 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். சுமைப் பைகளுக்கு 8465 என்று தொடங்கும், அதற்கடுத்த இரண்டு இலக்கம் 99 என்றால் பிரிட்டன் கணக்கில் பதிவானது. சீட்டையே போலியாகத் தைப்பவர்களும் உண்டு என்பதால் தையலையும் இழுத்துப் பாருங்கள். அசலில் கனம் தாங்கும் இடமெல்லாம் பெட்டி போட்டுக் குறுக்கே தைத்திருப்பார்கள்.

தண்ணீருக்கு 58 பேட்டர்ன் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அதன் அடியில் செருகிக்கொள்ளும் க்ரூசேடர் எஃகுக் குவளை ஒன்று வாங்கினால் நேராக அடுப்பிலேயே டீ போடலாம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அலுமினிய மெஸ் டின் ஜோடி சோற்றுக்கும் ரசத்துக்கும் சரியாக இருக்கும். பழைய ஹெக்ஸமின் கட்டி எரிபொருளை மட்டும் தொடாதீர்கள். அதன் புகை கெடுதல் என்பது ஒன்று. 2023 அக்டோபர் முதல் இங்கே லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். ஜெல் எரிபொருளோ கேஸோ போதும்.

படுக்க ஒரு பாஷா. நான்கு பக்கமும் வளையம் வைத்த தார்ப்பாய்தான், இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி விரிப்பது. லேக் டிஸ்ட்ரிக்ட் உச்சிகளில் மரம் இருக்காது, இரண்டு நடைக்கோல்கள் கொண்டுபோங்கள். அந்தச் சொல் அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போனது. அங்கே ‘பாஷா’ என்றால் குடிசை, குடியிருப்பதைச் சொல்லும் நம் ‘வாசம்’ என்ற சொல்லுக்கு உறவு. பர்மா எல்லையில் மூங்கில் குடிசைகளில் கிடந்த சிப்பாய்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் வேல்ஸ் மலையில் மழைக்கு ஒதுங்கும் ஆங்கிலேயச் சிப்பாய் தன் தார்ப்பாயை அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறான். எனக்கு இந்தச் சாமான்களில் இருக்கும் சந்தோஷத்தில் இதுவும் ஒன்று. லேக் டிஸ்ட்ரிக்ட் மலையில் தங்க நில உரிமையாளர் அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

சந்தையில் இரண்டு சாமான்கள் கண்ணில் படும், அவற்றிடம் கவனமாக இருங்கள். போர்க்கால விஷவாயு முகமூடிகளின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். விளையாட்டுக்குக்கூட முகத்தில் மாட்டாதீர்கள். அந்தக் காலத்து ஒளிரும் திசைகாட்டிகளில் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கியிருக்கும், கதிர்வீச்சு மங்காது, ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம். திறந்து பார்க்கவே கூடாது.

உருமறைப்புத் துணி வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். லீட்ஸில் உங்கள் பக்கத்து வீட்டில் ஈழத்திலிருந்து வந்த குடும்பம் இருக்கலாம். அந்தப் புள்ளியும் திட்டும் அவர்களுக்கு வேறு நினைவைக் கொண்டுவரும். என் நண்பர் ஒருவரின் தாயார் என் பையைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனவர் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அன்றோடு வெறும் பச்சைக்கு மாறிவிட்டேன். அதுவும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன், டார்ச் அடித்து உங்கள் முதுகுப்பை மூடியின் உட்புறத்தையும் இடுப்பு வாரின் உள்பக்கத்தையும் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். எண்ணோ பெயரோ அரைகுறையாகத் தெரிந்தால்கூட, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்