ஃபிலிம் பிரிண்டர் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் பயோமெடிக்கல் முடித்துவிட்டு, ஸ்கேன் சென்டர்களில் ஃபிலிம் பிரிண்டர் பார்க்கும் சர்வீஸ் வேலையில் சேரப் போகிறான். “பிரிண்டர் ரிப்பேருக்கா நாலு வருஷம் படிக்க வைத்தோம்?” என்று அவன் அப்பா வருத்தப்படுகிறார். சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்ததும் உறையில் போட்டுத் தருகிறார்களே, அந்தக் கறுப்பு ஃபிலிமில் வெள்ளி உப்பு பூசியிருக்கும். லேசர் பிரிண்டரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் அதன்மேல் வரி வரியாக ஓடும். பிறகு சுமார் 120 டிகிரி சூட்டில் ஃபிலிம் நகரும்போது, லேசர் பட்ட இடம் கறுக்கும். எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. கறுப்பின் அடர்த்தி 1 என்றால் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு ஊடுருவும், 2 என்றால் நூறில் ஒரு பங்கு, 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கு பிசகினால் நுரையீரலில் இருக்கும் சின்ன நிழல் டாக்டர் கண்ணுக்குத் தப்பிப் போகலாம்.

லேசரை உமிழும் டயோடு நாளாக ஆகத் தளரும். ஃபிலிமும் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். அதனால் லேசரின் வலுவைப் படிப்படியாகக் கூட்டி ஒரு சோதனை ஃபிலிமில் சாம்பல் பட்டைகள் அடித்து, அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டர் கருவியால் அளந்து, எந்த அடர்த்திக்கு எவ்வளவு லேசர் என்று அட்டவணை போடுவார்கள். பல மாடல்களில் இயந்திரமே இதைச் செய்துகொள்ளும். அப்படியானால் ஆள் எதற்கு? படம் வெளிறினால் புதுப் பையன் உடனே லேசரைக் கூட்டப் பார்ப்பான். விஷயம் தெரிந்தவர் அதைக் கடைசியில்தான் தொடுவார். சூடு சரியாக இருக்கிறதா, கண்ணாடியில் தூசி இருக்கிறதா, ஃபிலிம் காலாவதி ஆகிவிட்டதா, அளக்கும் கருவியே ஒழுங்காக அளக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார். காரணத்தைத் தேடும் இந்தப் பழக்கத்துக்காகத்தான் நான் இந்த வேலையைச் சிபாரிசு செய்கிறேன்.

ஃபிலிம் குறைந்து வருவது உண்மைதான். பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் திரையிலேயே பார்க்கிறார்கள். ஆனால் அந்தத் திரையின் சாம்பல் நிறங்களுக்கும் மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரப்படி இதே மாதிரி அளந்து சரிசெய்யும் அளவுத்திருத்தம் உண்டு. ஃபிலிமில் கற்றது அங்கே கைகொடுக்கும். ஆகவே இரண்டு வருஷம் இருக்கட்டும், பத்து வருஷம் வேண்டாம். அப்புறம் சி.டி. பக்கம் நகரலாம், ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த ஆய்வகத்துக்குப் போகலாம். மேலே படிக்க ஆசையிருந்தால் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதட்டும். ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். இவனுக்குப் பொருந்தும்.

சேரும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லா ஃபிலிம் பிரிண்டரிலும் லேசர் கிடையாது, சிலவற்றில் சூடாகும் தலையே அச்சடித்துவிடும். கம்பெனி எதைக் கையாள்கிறது, டென்சிட்டோமீட்டரை இவன் கையில் கொடுப்பார்களா, இல்லை உருளை துடைக்க மட்டும் அனுப்புவார்களா? மூடி திறந்தால் லேசரை நிறுத்தும் பூட்டு ஒன்று உள்ளே இருக்கும். “அவசரம், அதைத் தாண்டி ஓட்டு” என்று பயிற்சி கொடுக்காமலே சொல்லும் இடமாக இருந்தால் சேர வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும்.