கறுப்புன்னா பள்ளம், வெள்ளைன்னா மேடு: சிஎன்சி மரச்செதுக்கல் கேள்வி பதில்

போன தடவை லேயர் மாஸ்க் பத்தி எழுதினதுல இருந்து சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்தை செதுக்குற மெஷின், வச்சிருக்கிறவங்க கேள்வி தான் குவியுது, அதனால இந்த பகுதி முழுக்க அவங்களுக்கே. ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன், மரத்தை குடையுற பிட்டும் படத்துல வர்ற 8 பிட் 16 பிட்டும் ஒரே பேர்ல இருக்கிறதால குழப்பம் வரும், அதனால குடையுறதை டூல்னே சொல்றேன்.

கேள்வி: அண்ணா, எங்க அப்பா போட்டோவை போட்டோஷாப்புல கிரேஸ்கேல் ஆக்கி அப்படியே மெஷினுக்கு குடுத்தேன். கண்ணு ரெண்டும் குழி ஆயிடுச்சு, மீசை இருக்கிற இடத்துல வாய்க்கால் வெட்டின மாதிரி இருக்கு, நெத்தியில ஒரு கொம்பு வேற. எந்த ஃபில்டர் போட்டா சரியாகும்?

பதில்: தம்பி, இதுக்கு ஃபில்டர்னு ஒண்ணு இல்ல. மெஷின் சாஃப்ட்வேருக்கு அது உங்க அப்பா முகம்னு தெரியாது, ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு வெளுப்பா இருக்குன்னு மட்டும் பார்க்கும், வெள்ளைன்னா மேல விட்டுடும் கறுப்புன்னா அடி வரைக்கும் இறக்கிடும், அவ்ளோதான் அதுக்கு தெரியும். போட்டோல இருக்கிறது வெளிச்சம், உயரம் இல்ல. மீசை கறுப்பா இருந்ததால பள்ளம், நரைச்ச மீசையா இருந்திருந்தா மேடு ஆயிருக்கும்! நெத்தியில ஃபிளாஷ் பட்டு பளபளன்னு இருந்திருக்கும், அதான் அந்த கொம்பு.

செய்ய வேண்டியது என்னன்னா போட்டோவை கீழ வச்சுக்கிட்டு மேல புதுசா உயரத்தை வரையணும். பேக்ரவுண்டு சுத்த கறுப்பு, அதாவது 0, சுத்த வெள்ளைன்னா 255. காது, கழுத்து எல்லாம் பின்னாடி இருக்கிறதால ஒரு 90, கன்னம் 170, மூக்கு நுனி 240 இப்படி ஒவ்வொண்ணையும் தனித்தனி லேயர்ல பென் டூல்ல சுத்தி வரைஞ்சு ஒரே சாம்பல் நிறத்தை ரொப்பிடுங்க. பார்க்க அட்டையை வெட்டி அடுக்கி வச்ச மாதிரி கேவலமா தான் இருக்கும், பரவால்ல. அப்புறம் ஒவ்வொரு லேயருக்கும் காசியன் பிளர் போட்டு ஓரத்தை கரைச்சு, மெல்லிசான பிரஷ்ஷை 5 சதவீதம் ஒபாசிட்டில வச்சு கன்னத்துல இருந்து மூக்குக்கு ஏறுற சரிவை தடவித் தடவி கொண்டு வரணும். மீசைக்கு மட்டும் போட்டோவுக்கு ஹைபாஸ் ஃபில்டர் போட்டு லேசா ஓவர்லே பண்ணுங்க, முடி கோடு கோடா தெரிஞ்சா போதும், உயரம் நீங்க வரைஞ்சதுல இருந்து தான் வரணும். ஒரே போட்டோல இருந்து ஆழத்தை கணிக்கிற மிடாஸ் மாதிரி ஏஐ மாடல்கள் இருக்கு, அதுல எடுத்து அடித்தளமா வச்சுக்கலாம், ஆனா மூக்கு, உதடு மாதிரி நுணுக்கமான இடத்தை கையில திருத்தாம விடாதீங்க.

கேள்வி: கோலிக்குண்டு மாதிரி உருண்டையா வரணும்னு நடுவுல வெள்ளை, ஓரத்துல கறுப்பு வச்சு ரேடியல் கிரேடியன்ட் போட்டேன். ஸ்கிரீன்ல உருண்டையா தான் தெரிஞ்சுது, மரத்துல கூம்பா வந்திருக்கு. டூல் தப்பா?

பதில்: டூல் மேல பழி போடாதீங்க, அது நீங்க சொன்னதை தான் செஞ்சிருக்கு. கிரேடியன்ட் ஒரே சீரா வெள்ளையில இருந்து கறுப்புக்கு இறங்குது, சீரா இறங்குற சரிவுன்னா அது கூம்பு தானே. உருண்டைங்கிறது நடுவுல ரொம்ப தூரம் மட்டமா இருந்து ஓரத்துல சட்டுன்னு விழணும். கணக்கா பார்த்தா, நடுவுல இருந்து ஓரத்துக்கு பாதி தூரத்துல உங்க கிரேடியன்ட்ல 128 இருக்கும், உருண்டைக்கு அங்க 221 வேணும். ஓரத்துக்கு கிட்ட, 80 சதவீத தூரத்துல உங்ககிட்ட இருக்கிறது 51, வேண்டியது 153. வெளுப்பை ஏத்தி இறக்குற கர்வ்ஸை திறந்து இன்புட் 128 அவுட்புட் 221, இன்புட் 51 அவுட்புட் 153, அப்புறம் 26க்கு 111 இந்த மூணு புள்ளியை வச்சா போதும், கூம்பு உருண்டை ஆயிடும். அதுக்கு முன்னாடி ஐட்ராப்பர் வச்சு பாதி தூரத்துல நெசமாவே 128 இருக்கான்னு பாருங்க, கிரேடியன்ட் எடிட்டர்ல ஸ்மூத்னெஸ் ஏறி இருந்தா நம்பர் மாறும். முழு அரைக்கோளம் வேணும்னா செதுக்குற ஆழமும் வட்டத்தோட ஆரமும் ஒண்ணா இருக்கணும், ஆழம் கம்மின்னா கவுத்து வச்ச தட்டு மாதிரி வரும்.

கேள்வி: இலை டிசைன் ஒண்ணு செதுக்கினேன், வார்னிஷ் அடிச்சதும் மேல பூரா மேப்புல மலைக்கு வரைவாங்களே அந்த மாதிரி வளையம் வளையமா கோடு. உப்புத்தாள் தேய்ச்சு கை வலிக்குது.

பதில்: படம் 8 பிட், சந்தேகமே இல்ல. அதுல மொத்தமே 256 சாம்பல் நிறம் தான். 10 மில்லிமீட்டர் ஆழம்னா ஒரு படிக்கு 0.04 மில்லிமீட்டர், கேட்க சின்னதா இருக்கு இல்ல? ஆனா உங்க இலை 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு 2 மில்லிமீட்டர் தான் ஏறுதுன்னு வச்சுக்கோங்க, அந்த ஏத்தத்துக்கு கிடைக்கிறது 51 படி, அதாவது 2 மில்லிமீட்டருக்கு ஒரு படிக்கட்டு. வெறும் மரத்துல தெரியாது, வார்னிஷ் மினுமினுப்புல சாய்வா வெளிச்சம் பட்டா எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும். 16 பிட்ல 65,536 படி, அந்த பிரச்சனையே இல்ல.

ஆனா பழைய ஃபைலை மோட்ல போய் 16 பிட்னு மாத்திட்டா மட்டும் புதுப் படி முளைக்காது, மாத்தின பிறகு லேசா ஒரு பிளர் போட்டா தான் நடுவுல இருக்கிற படிகள் நிரம்பும். இனிமே ஆரம்பத்துலயே 16 பிட்ல திறந்து வரையுங்க, பிஎன்ஜி இல்லன்னா டிஃப்ல சேவ் பண்ணுங்க. ஜேபெக் வேண்டவே வேண்டாம், அது 8 பிட் மட்டுமில்லாம படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டம் கட்டமா சுருக்குது, அந்த கட்டமும் மரத்துல வந்து நிக்கும். ஷார்ப்பன் பக்கமும் போகாதீங்க.

கேள்வி: காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்க முடியல, ஜிம்ப் போதுமா?

பதில்: தாராளமா. 2018ல வந்த 2.10ல இருந்து 16 பிட், 32 பிட் ரெண்டும் இருக்கு, அதுக்கு முந்தினது 8 பிட் தான். பிரிசிஷன் மெனுல லீனியர், பெர்செப்சுவல்னு ரெண்டு வரும், வேலை முடியுற வரைக்கும் ஏதோ ஒண்ணுலயே இருங்க, நடுவுல மாத்தினா உயரம் எல்லாம் கோணல் ஆகும்.

கேள்வி: பேர்ப்பலகைக்கு எழுத்தையும் இதே மாதிரி கறுப்பு வெள்ளை படமா குடுக்கலாமா?

பதில்: குடுக்கலாம், ஆனா ஓரம் பல் பல்லா வரும். எழுத்துக்கு வெக்டர், அதாவது பிக்சல் இல்லாம கோடாவே இருக்கிற படம் தான் சரி, இங்க்ஸ்கேப்ல ட்ரேஸ் பிட்மேப் போட்டு எஸ்விஜி எடுத்து வீ டூல்ல (நுனி V மாதிரி கூரா இருக்கிறது) ஓட்டுங்க.

கேள்வி: 300க்கு 300 மில்லிமீட்டர் பலகை. டீட்டெய்ல் நல்லா வரட்டும்னு 10,000 பிக்சல்ல டிசைன் பண்ணேன், டூல்பாத் (டூல் ஓடுற வழி) ஏழரை மணி நேரம்னு காட்டுது!

பதில்: ஏழரைய நீங்களே இழுத்து விட்டிருக்கீங்க! உங்க செட்டிங் எழுதல, ஆனா ஸ்டெப்ஓவர், அதாவது ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம், 0.1 மில்லிமீட்டர் வச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன். 300ஐ 0.1ஆல வகுத்தா 3,000 தடவை ஓடணும், ஒவ்வொண்ணும் 300 மில்லிமீட்டர், மொத்தம் 900 மீட்டர், நிமிஷத்துக்கு 2 மீட்டர் வேகம்னா 450 நிமிஷம். 3 மில்லிமீட்டர் பால்நோஸ் (நுனி உருண்டையான டூல்) போட்டு ஸ்டெப்ஓவரை 0.3 ஆக்குங்க, ரெண்டரை மணி நேரத்துல முடியும்.

பிக்சலும் அவ்வளவு வேண்டாம், 3,000 இருந்தாலே ஒரு பிக்சலுக்கு 0.1 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் டூலால தன் அகலத்தைவிட ஒடுக்கமான பள்ளத்துக்குள்ள முழுசா இறங்க முடியாது, நீங்க அரை மில்லிமீட்டர்ல கண்ணிமை வரைஞ்சா அது சும்மா மேல தொட்டுட்டு போயிடும். டிசைன் பண்ணும்போதே டூல் அளவுக்கு, அதாவது 3,000 பிக்சல் படத்துல 30 பிக்சலுக்கு, ஒரு வட்ட பிரஷ் எடுத்து பள்ளங்கள் மேல வச்சு பாருங்க. வட்டம் உள்ள அடங்கலன்னா அந்த பள்ளத்தை அகலமாக்குங்க, இல்லன்னா அந்த மூலைக்கு மட்டும் நுனி சின்ன டேப்பர் டூல்ல தனி டூல்பாத் போடுங்க, முழு பலகைக்கும் அதை ஓட்ட வேண்டியதில்ல.